பிரெத் ஆஃப் தி வைல்ட்: கேடயம் நொறுங்குகிறது, வாள்கள் உடைகின்றன, எதை எவ்வளவு வைத்துக்கொள்வது?

புல்வெளிப்பயணி (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். 2017இல் வெளிவந்த இந்தச் செல்டா விளையாட்டை நின்டெண்டோ ஸ்விட்சில் இப்போதுதான் ஆடத் தொடங்கியிருக்கிறேன். ஹைரூல் சமவெளியில் அலையும், கதிர் வீசும் கால்களுள்ள இயந்திர எதிரியான கார்டியன் ஸ்டாக்கரிடம் ஒவ்வொரு முறையும் தோற்றுப்போகிறேன். இருகை வாளை எடுத்தால் கேடயம் முதுகிலேயே தங்கிவிடுகிறது. ஒருகை வாளோடு கேடயத்தைப் பிடித்தால் ஸ்டாக்கரின் கதிர் பட்டதும் மரக்கேடயம் போய்விடுகிறது. பையில் ஆயுதங்களுக்கு 8 இடமும் கேடயங்களுக்கு 4 இடமுமே உள்ளன. கோரொக் விதைகளைப் பெற்றுக்கொண்டு பையின் இடங்களைக் கூட்டித்தரும் ஹெஸ்டு என்ற பாத்திரத்திடம், சேர்த்த விதைகளைக் கொடுத்து எந்த இடங்களை விரிக்க வேண்டும்?

மலைக்காவலன்:
கேடயத்தைச் சுவர்போலப் பிடித்தபடி நிற்பதால்தான் அது நொறுங்குகிறது என்று நினைக்கிறேன். கேடயத்தை உயர்த்தும் இசட்எல் பொத்தானை அழுத்திக்கொண்டே, கதிர் உங்களை எட்டும் கணத்தில் ஏ பொத்தானைத் தட்டினால், கதிர் வந்த வழியே திரும்பி ஸ்டாக்கரையே தாக்கும். அப்படிச் சரியாகத் திருப்பும்போது கேடயம் சிறிதும் தேயாது என்பதால், எளிய கேடயமான பானைமூடி ஒன்றே போதும். ஸ்டாக்கரின் உயிர்ப்புள்ளி 1500. திருப்பியனுப்பும் ஒவ்வொரு கதிரும் 500ஐக் குறைக்கும். ஆகவே கேடயத்துக்கு நான்கு இடமே இப்போதைக்கு நிறைவானது. விதைகளை ஆயுத இடங்களுக்கே கொடுங்கள். விதைகள் மொத்தம் 900 இருந்தாலும் எல்லா இடங்களையும் விரிக்க 441 போதும் என்பதால், இப்போது செலவழிக்கத் தயங்க வேண்டாம். தாது உடைக்க வாளைப் பயன்படுத்தாதீர்கள். அதற்குக் குண்டுகளை வையுங்கள், அவை தீர்வதே இல்லை. கேடயத்தின்மீது ஏறிச் சறுக்குவது மிகவும் இனிமையானதுதான், ஆனால் அதுவும் கேடயத்தைத் தேய்க்கும்.

செங்கல்மேடு:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் இருகை வாளை ஒதுக்கிவிட வேண்டாம். ஸ்டாக்கரை நெருங்கிக் கால்களை வெட்டினால் ஒவ்வொரு கால் போகும்போதும் அது தடுமாறும். அந்த இடைவெளியில் கேடயம் தேவைப்படாது. என் பையில் எப்போதும் இருகை வாள்கள் இரண்டுக்கு மேல் இருப்பதில்லை, மற்றவை ஒருகை வாள்களே. உடையப்போகும் வாளையும் எறியாமல் இறுதி அடிக்கு வைத்திருங்கள். உடையும் அடி இருமடங்கு வலிமையோடு விழும்.

புல்வெளிப்பயணி:
மிக்க நன்றி. முயன்று பார்த்தேன், இருமுறை முன்கூட்டியே தட்டிவிட்டதால் இறந்தேன். அது சுடுவதற்கு முன் வரும் எச்சரிக்கை ஒலி விரைவதை வைத்துக் கணிப்பது சரியா?

மலைக்காவலன்:
ஒலியை நம்பினால் பெரும்பாலும் அவசரப்பட்டுவிடுவீர்கள். ஸ்டாக்கரின் கண் பளிச்சிட்டுக் கதிர் புறப்படுவதைப் பாருங்கள்; தொலைவில் நின்றால் கதிர் வந்துசேரச் சற்று நேரமாகும், அருகில் நின்றால் உடனே தட்ட வேண்டும். ஸ்டாக்கரிடம் போவதற்கு முன் ஆட்டம் தொடங்கும் மேட்டுநிலமான கிரேட் பிளாட்டோவின் கிழக்கு மடத்து இடிபாடுகளுக்குத் திரும்பிச் செல்லுங்கள். அங்கே பாதி புதைந்து கிடக்கும் பழுதான கார்டியன்கள் நகராமல் சுடுவதால், எப்போதும் ஒரே தொலைவிலிருந்து பழகலாம். ஒரு கதிரைத் திருப்பினாலே அவை வீழும். முதலில் ஆட்டத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

புல்வெளிப்பயணி:
கிழக்கு மடத்தில் ஒரு மாலை முழுவதும் பழகினேன். இன்று மூன்றாவது கதிரில் ஸ்டாக்கர் வீழ்ந்தது. அதே பானைமூடி இன்னும் கையில் இருக்கிறது. விதைகள் அனைத்தையும் ஆயுத இடங்களுக்கே கொடுத்துவிட்டேன்.