35 இலட்சத்துக்குள் ஓட்ட ருசியான பழைய கார்: திருமலைக்காரர் பட்ட பாட்டைச் சொல்லுங்கள்

உவர்மலையான்:

கதையை நானே தொடங்கிவைக்கிறேன். நீளம்தான், தேத்தண்ணியோடு உட்காருங்கள்.

கையில் 35 இலட்சம் இருந்தது, அதில் பாதி சீட்டுக்காசு. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய கார்களின் விலை ஏறிய ஏற்றம் உங்களுக்கே தெரியும். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்துவிட்டபோது விலை இறங்கும் என்று வாயைத் திறந்துகொண்டு இருந்தேன். வரியைக் கேட்டதும் மூடிக்கொண்டேன். "ஒரு வேகன் ஆர் எடுங்கோவன்" என்றார்கள் வீட்டில். நான் தேடியது கியர் போடும்போது மனம் ஒருதரம் துள்ளுகிற கார். அதேநேரம் திங்கட்கிழமை காலையில் வழியில் விட்டுவிடவும் கூடாது. இரண்டும் ஒரே காரில் கிடைப்பது, நல்ல மாப்பிள்ளையும் சீதனம் கேளாதவனும் ஒரே ஆளாக அமைகிற மாதிரி.

முதலில் மனம் போனது குருநாகலில் நின்ற ஒரு டொயோட்டா ஸ்டார்லட் ஜீ.டி. மேல். ஈ.பி.82 என்ற மொடல். எஞ்சின் 1331 சிசிதான், ஆனால் டர்போவோடு 135 குதிரைவலு, கார் முழுவதும் ஒரு தொன்னுக்கும் குறைவு. மிதித்தால் ஒரு கணம் யோசிக்கும், அப்புறம் முதுகில் கையை வைத்துத் தள்ளும். இரண்டு கிலோமீற்றரிலேயே மனத்துக்குள் வாங்கி முடித்துவிட்டேன். கூட வந்த மச்சான்தான் பொனற்றைத் திறந்து, ரோர்ச் அடித்து எஞ்சின் இலக்கத்தைப் பார்த்தான். பதிவுப் புத்தகத்தில் வேறு இலக்கம். டர்போ இல்லாத ஸ்டார்லட்டிலும் அதே 1331 சிசி எஞ்சின் வந்திருப்பதால் புத்தகத்தில் கொள்ளளவு அச்சொட்டாகப் பொருந்திவிடுகிறது. இலக்கத்தைப் பார்த்தால்தான் எஞ்சினை மாற்றியது பிடிபடும். மாற்றுவது குற்றமில்லை, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைப் பதியவேண்டும். "அதை நீங்கள் செய்துகொள்ளலாம் தம்பி" என்றார் விற்றவர். அந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு துண்டுக் கடதாசிகூட அவரிடம் இல்லை. திரும்பும்போது தம்புள்ளை வரைக்கும் நான் மச்சானோடு கதைக்கவில்லை.

அடுத்தது கொழும்பில் ஒரு ஹொண்டா சிவிக், ஈ.கே.3 மொடல், தானாக மாறுகிற சி.வி.டி. கியர். சிக்னலில் நின்று புறப்படும்போதெல்லாம் குளிரில் நடுங்கும் கிழவன் மாதிரி உதறியது. முன்னைய சொந்தக்காரர் அதற்குரிய கியர் ஒயிலை விட்டுவிட்டுச் சாதாரண ஒயிலை ஊற்றி ஓடியிருக்கிறார். "சூடானால் சரிவரும்" என்றார்கள். சூடானபிறகு இன்னும் நன்றாக உதறியது. அதை விட்டேன், ஆனால் ஈ.கே.3 மனத்தில் ஒட்டிக்கொண்டது. மனுவல் கியரில் கிடைத்தால் அதைத்தான் எடுப்பது என்று அன்றே முடிவு.

கிடைத்தது. நம்மூரிலேயே, உப்புவெளியில், கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில். வெள்ளை நிறம், மனுவல், ஒரே சொந்தக்காரர், மீற்றரில் 98,000. பொலிஷ் அடித்து முகம் பார்க்கலாம் போல நின்றது. அட்வான்ஸ் கொடுக்கக் காசோடு போனேன். அபயபுரத்தில் கராஜ் வைத்திருக்கும் அண்ணாவையும் பேருக்குக் கூட்டிப்போனேன்.

அவர் எஞ்சின் பக்கமே போகவில்லை. பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார். கதவுக்குக் கீழே ஓடுகிற விளிம்பில் வைத்தார். ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. நாலு அங்குலம் தள்ளி வைத்தார், டக் என்று ஒட்டியது. அந்த நாலு அங்குலமும் தகரம் இல்லை, வெறும் பட்டிக் களிம்பு, மேலே பெயின்ட். பிறகு டிக்கியில் ஸ்பேர் ரயரைத் தூக்கினார். அடியில் ஈர மணல். ஸ்குரூ டிரைவரை மெல்ல ஊன்றினார், பப்படத்தில் விரல் போவது போலப் போனது. கடைசியாக ஜாக் வைக்கிற இடத்தில் ஜாக்கை வைத்துச் சுற்றினோம். கார் ஏறவில்லை, ஜாக் காருக்குள் ஏறியது.

வீட்டு ஐயா பாவம், அவருக்கே தெரியாது. வெட்டி வைத்த இளநீரை எங்களுக்கு நீட்டிக்கொண்டு, "எஞ்சின் பொன் மாதிரி மகன்" என்றார். உண்மைதான், எஞ்சின் பொன்னேதான். மீற்றரையும் யாரும் சுற்றிவிடவில்லை. திருமலையில் காரைத் தின்பது கிலோமீற்றர் இல்லை, உப்பு. அன்றிலிருந்து கடலோர ஊர்களில் நிற்கும் கார்களை விட்டுவிட்டு மலைப்பக்கம் தேடத் தொடங்கினேன்.

ஹட்டனில் ஒரு தம்பி வெளிநாடு போகிற அவசரத்தில் விற்றார். 1998 ஈ.கே.3, மனுவல். "நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ணவேண்டாம்" என்று முதல்நாளே சொல்லிவிட்டு இரவு பஸ் ஏறினேன். காலை ஏழு மணி, பனி இன்னும் விலகவில்லை. வணக்கம் சொல்வதற்கு முன்னாலேயே பொனற்றில் கையை வைத்தேன். குளிர்ந்திருந்தது. தேய்ந்த எஞ்சினின் நீலப்புகை பெரும்பாலும் குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான் முகம் காட்டும், சூடாக்கி வைத்தால் ஒளிந்துகொள்ளும். புகை இல்லை. காந்தம் எல்லா இடமும் ஒட்டியது. அடியில் படுத்துப் பார்த்தால் தொழிற்சாலையில் பூசிய கறுப்பு அப்படியே இருந்தது.

மலைநாட்டுக் காருக்கு வேறு நோய் உண்டு. நாலாம் கியரில் மெல்லப் போய்க்கொண்டே முழுதாக மிதித்தேன். எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் ஏறியது, கார் வேகம் ஏறவில்லை. கிளச் முடிந்துவிட்டது. ஏற்றத்தில் அரைக் கிளச்சில் நின்று நின்று தேய்ந்தது. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேட்டேன். "தெரியாது அண்ணா" என்றார் நேர்மையாக. அந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும், அதோடு கதை முடிந்தது. இரண்டையும் சொல்லி விலையைக் குறைத்து 33க்கு முடித்தோம். மிச்ச 2 இலட்சம் கிளச், பெல்ட், வோட்டர் பம்ப், இரண்டு ரயர் என்று அந்த மாதமே போனது. வாங்குகிற காசு முழுவதையும் விலையிலேயே கொட்டிவிட்டால் இதற்குக் கடன்தான்.

"ஏன் சிவிக்கிலேயே 170 குதிரை எஸ்.ஐ.ஆர். பார்க்கவில்லை" என்று சிநேகிதர்கள் இன்னும் கேட்கிறார்கள். காசு எட்டாது என்பது முதல் காரணம். மற்றது, ஊருக்கு வெளியே நமக்குச் சட்டம் விட்டது மணிக்கு 70. என் 130 குதிரைக்கே அது காணாது. இந்த ஹொண்டா எஞ்சின்களில் வரும் வீடெக் என்பது ஒயில் அழுத்தத்தில் ஒரு சிறு பின் நகர்ந்து, வால்வுகளை இன்னும் அகலத் திறக்கிற பெரிய கேமோடு பூட்டுவது. என் எஞ்சினில் அந்தக் கடைசிப் பூட்டு விழ 6,000 சுற்றை நெருங்கவேண்டும். இரண்டாம் கியரில் அந்த இடத்துக்குப் போனால் 80ஐத் தாண்டிவிடும். ஆக சட்டப்படி வீடெக் சத்தம் கேட்பதென்றால் முதலாம் கியரில்தான் கேட்கலாம்! நம்மூர்க் கோட்டைப் பக்கம் மான் குறுக்கே நின்றால் அதுவும் இல்லை. அப்படியிருக்க எனக்குச் சந்தோசம் தருவது பாரமில்லாத உடம்பும், கைக்குள் டக் என்று விழும் கியரும்தான்.

ஹட்டனிலிருந்து கண்டி, தம்புள்ளை, ஹபரணை என்று வந்தேன். ஹபரணை தாண்டி ஒரு கொம்பன் வீதியோரம் நின்றதால் முக்கால் மணிநேரம் லொறிகளுக்குப் பின்னால் காத்திருந்தேன். கந்தளாய்க் குளக்கட்டுக்கு வரும்போது இருட்டிவிட்டது. அடுத்தநாள் பத்திரகாளி அம்மன் கோயிலில் பூசை, நாலு ரயருக்கும் நாலு தேசிக்காய். இப்போது உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

கிண்ணியா நானா:

அஸ்ஸலாமு அலைக்கும். தம்பி காரைப் பார்த்து ஏமாறாமல் தப்பியிருக்கிறார், நான் கடதாசியில் ஏமாந்தவன்.

மிற்சுபிஷி லான்சர், சி.எஸ்.1 மொடல். நல்ல சாமான், அதில் குறை சொல்லமாட்டேன். கிண்ணியாப் பாலத்தில் ஏறி இறங்கும்போது வீதியோடு ஒட்டிக்கொண்டு போகும். வாங்கியது ஓப்பன் பேப்பரில். விற்றவர் இன்னொருவரிடம் வாங்கி, தன் பேருக்கு மாற்றாமல் எனக்குக் கைமாற்றினார். புத்தகத்தில் சொந்தக்காரர் பேருக்குக் கீழே ஒரு லீசிங் கம்பனியின் பேர் இருந்தது. பார்த்தேன், கேட்டேன். "கட்டி முடிந்தது நானா, கடிதம் அடுத்த கிழமை வரும்" என்றார். விலை மூன்று இலட்சம் குறைவு என்பதால் என் கண் அதை நம்ப விரும்பியது.

வாங்கி ஐந்தாம் மாதம் கண்டி வீதியில் லீசிங் கம்பனி ஆட்கள் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து மறித்தார்கள். மரியாதையாகத்தான் கதைத்தார்கள். ஒன்பது மாதத் தவணை நிலுவை. பிள்ளைகளின் பள்ளிப் பைகளை இறக்கி வீதியோரத்தில் வைத்துவிட்டுச் சாவியைக் கொடுத்தேன். விற்றவரின் போன் அன்றிலிருந்து இன்றுவரை ஓப் தான். நிலுவையைக் கட்டிக் காரை எடுத்தேன், அந்த மூன்று இலட்சமும் அதற்கு மேலும் போனது.

இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது, விற்பவரும் நீங்களும் ஒரே பஸ்ஸில் நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போங்கள். போக மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

நிலாவெளி ரோட்:

நான் ஓட்டுவது சுசுகி ஸ்விப்ட் ஸ்போர்ட், இஸட்.சி.31 மொடல். 1.6 எஞ்சின், 125 குதிரை, டைமிங் செயின். பெல்ட் கவலை இல்லை, ஆனால் ஒயிலை நேரத்துக்கு மாற்றாமல் விட்டால் செயினும் இழுபடும். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது கிலுகிலு என்று சத்தம் வந்த இரண்டு காரை அதனாலேயே கழித்தேன்.

கார் பார்க்கப் போன இடமெல்லாம் விற்பவர்கள் என் தம்பியோடுதான் கதைத்தார்கள். அவனுக்கு லைசன்ஸே இல்லை! ஒருவர் மட்டும் சாவியை என்னிடம் தந்து, "ஓட்டிப் பாருங்கோ பிள்ளை" என்றார். அவருடைய காரைத்தான் வாங்கினேன்.

உப்புப் பற்றி ஒன்று. எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீரே உவர். உப்பளத்துக்குப் பக்கத்தில் வேறு எப்படி இருக்கும்? முதல் வருடம் வாராவாரம் கிணற்றடியில் கழுவி, காரைச் சுத்தமாக வைத்திருக்கிறேன் என்று பெருமைப்பட்டேன். உண்மையில் உப்பைக் கரைத்து மூலைமுடுக்கெல்லாம் நானே ஊட்டியிருக்கிறேன். இப்போது டவுனில் குழாய்த் தண்ணீர் உள்ள சேர்விஸ் இடத்தில் அடிப்பக்கத்தைக் கழுவிக்கொள்கிறேன். உவர்மலை அண்ணாவும் கிணற்றடியை மறந்துவிடுங்கள்.

அபயபுரம் கராஜ்:

தம்பி, என் காந்தம் இன்னும் உன்னிடம் இருக்கிறது.

இளம் பெடியன்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். போன வருடம் ஒருவர் மஸ்டா ஆர்.எக்ஸ்.8 ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார். வடிவான கார். ரோட்டரி எஞ்சின், பிஸ்டனே கிடையாது, ஓடும்போதே ஒயிலையும் கொஞ்சம் எரிக்கும், அது அதன் இயல்பு. ஒயில் அளவைப் பார்க்காமல் ஓடியிருக்கிறார், எஞ்சினுக்குள் அழுத்தம் (கம்பிரஷன்) போய்விட்டது. எனக்கு அதைத் திறக்கத் தெரியாது, தெரிந்தவர் இந்த மாவட்டத்தில் இருப்பதாகவும் கேள்விப்படவில்லை. மூன்று மாதம் என் மாமரத்துக்குக் கீழே நின்றது, பிறகு கொழும்புக்கு லொறியில் போனது. சிவிக்கோ லான்சரோ என்றால் நான் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு ஒரு போன் போடுவேன், அடுத்தநாள் பஸ்ஸில் சாமான் வந்துவிடும். ஒரு காரைப் பிடித்துப்போனால் முதலில் அதைத் திருத்துகிற ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று பாருங்கள். பிறகு குதிரையை எண்ணுங்கள்.

சாம்பல்தீவுப் பெடியன்:

2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். அட்டைக்குக் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் தந்த காலத்தில் என் பெரியப்பா தன் டர்போக் காரை விற்றுவிட்டு ஸ்கூட்டி வாங்கினார். இப்போது தினமும் அந்தக் காரின் போட்டோவைப் பார்க்கிறார். டர்போவுக்கு 95 ஒக்டேன் பெற்றோல்தான் ஊற்றவேண்டுமா, 92 காணாதா? நான் பார்க்கிற ஸ்டார்லட்காரர் 92தான் ஊற்றுகிறாராம்.

அபயபுரம் கராஜ்:

95 ஊற்று. 92இல் ஓடும், ஆனால் பாரத்தில் மிதிக்கும்போது எஞ்சினுக்குள் கல் உருட்டுகிற சத்தம் கேட்டால் அது பிஸ்டனை அடிக்கிற அடி. அந்த ஸ்டார்லட்டை என்னிடம் காட்டாமல் வாங்காதே. எஞ்சின் இலக்கத்தையும் பார்.

உவர்மலையான்:

நானாவின் கதையை வீட்டில் வாசித்துக் காட்டினேன். பள்ளிப் பைகள் வந்த இடத்தில் மனைவி எழுந்து போய் எங்கள் பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டு வந்தார். என் பேர்தான் இருக்கிறது, சரி.

நிலாவெளித் தங்கச்சி, கிணற்றடி விசயம் சுட்டுவிட்டது. எட்டு மாதமாக நானும் வீட்டுக் கிணற்றில்தான் கழுவுகிறேன். உங்கள் பதிவை வாசித்த கையோடு ரோர்ச்சை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். பின் சக்கர வளைவுக்கு மேலே, இடப்பக்கம், கடுகளவு ஒரு கொப்புளம். நகத்தால் தொட்டேன், பெயின்ட் உதிர்ந்து உள்ளே செம்பழுப்பு தெரிந்தது.

அண்ணா, சனிக்கிழமை காலை வருகிறேன். காந்தத்தையும் கொண்டுவருகிறேன்.