சோலைமலை குடும்பம் (வாட்ஸ்அப் குழு)

செல்வி: கவினுக்கு நாளைக்கு ஸ்கூல்ல ஸ்பீச். பழைய ஃபுட்பால் ப்ளேயர் ஒருத்தர் பத்தி. நூறு வருஷத்துக்கு முந்தின ஆளா இருக்கணுமாம். பெரியப்பா ஹெல்ப் ப்ளீஸ்

முரளி: போச்சு. இன்னிக்குத் தூங்கின மாதிரிதான்

பெரியப்பா: ஆல்ஃப் காமன். எழுதிக்கோம்மா. இங்கிலாந்து, சன்டர்லாந்துல 1880-ல பிறந்தவர். ஃபார்வர்டு. நல்ல தாட்டியான ஆள். 1902 எஃப்.ஏ. கப் (இங்கிலாந்து கிளப்புங்க மோதுற கோப்பை) ஃபைனல்ல ஷெஃபீல்டு யுனைடெட் கிளப்புக்கு கோல் போட்டார். அது டிரா ஆகி, திரும்ப ஆடித்தான் கப் ஜெயிச்சாங்க.

பெரியப்பா: விஷயமே இனிமேதான். 1904-ல சன்டர்லாந்து கிளப்புக்கே திரும்பி வந்தார். ஒரு வருஷம்கூட ஆகல, 1905 பிப்ரவரியில மிடில்ஸ்பரோ கிளப்புக்கு 1000 பவுண்டுக்கு வித்துட்டாங்க. ஒரு ஆட்டக்காரருக்கு ஆயிரம் போனது அதுதான் முதல் தடவை. மனுஷனை விக்கிறதான்னு பேப்பர்ல ஒரே கூச்சல்.

முரளி: மொத்தமும் அவருக்கா 😳

பெரியப்பா: கிளப்புக்கு. வாரம் 4 பவுண்டுக்கு மேல சம்பளம் கூடாதுன்னு 1901-லேர்ந்தே ரூல்.

சுந்தரி அத்தை: நம்ம முரளி கல்யாணம் மாதிரி. வாங்கினது பெரியவங்க, மாப்பிள்ளை கையில ஒண்ணுமில்ல

முரளி: அத்தை 🙏

பெரியப்பா: அதை ஏன் இப்ப இழுக்கிற சுந்தரி. அது கூரை மாத்தத்தான் போச்சு

சுந்தரி அத்தை: யார் வீட்டுக் கூரை

ராஜா மாமா: கிடா பாத்தாச்சு. அட்வான்ஸ் குடுத்துட்டேன். ஞாயிறு வேன் 6

செல்வி: ஆறரைன்னு சொன்னீங்களே மாமா. குழந்தைங்க எந்திரிக்கணும்

செல்வி: கவின் கேக்குறான், 1000 பவுண்டுன்னா எவ்வளவு

பெரியப்பா: வாரம் 4-ன்னா 250 வாரம். கிட்டத்தட்ட அஞ்சு வருஷச் சம்பளம்.

முரளி: அவ்ளோ குடுத்து வாங்கி, ஆடினாரா?

பெரியப்பா: நல்லா கேட்டே. மிடில்ஸ்பரோ வெளியூர்ல ஜெயிச்சு ரெண்டு வருஷம் ஆகப்போகுது. கீழ் டிவிஷனுக்கு இறங்குற நிலைமை. இவருக்கு முதல் மேட்ச் எங்க? பழைய டீம் ஷெஃபீல்டு யுனைடெட் மைதானத்துல. பெனால்டி அடிச்சார், 1–0. டீமும் அந்த சீசன் தப்பிச்சிருச்சு.

சுந்தரி அத்தை: காது குத்த யார் மடி? பெரிய மாமனா சின்ன மாமனா

முரளி: 🏃

பெரியப்பா: 1910-ல உல்விச் ஆர்சனல் கிளப், அப்புறம் பிரஸ்டன் கிளப். ஆட்டத்தை விட்டபிறகு டார்லிங்டன்ல பப் நடத்தினார். காலமானது 1946.

செல்வி: பப்னு ஸ்கூல்ல சொல்லலாமா பெரியப்பா

பெரியப்பா: ஓட்டல்னு சொல்லச் சொல்லு

சுந்தரி அத்தை: நான் கேட்டதுக்குப் பதில் வரல

ராஜா மாமா: 👍

சுந்தரி அத்தை: எந்த மாமனுக்கு இந்தக் கட்டைவிரல்?