பிஎம்பி ஓடிட்: அனுபவத்துக்கு ஒப்பமிட ஆள் இல்லை

என் பிஎம்பி (PMP, திட்ட முகாமையாளர்களுக்கான சர்வதேசத் தகைமைச் சான்றிதழ்) விண்ணப்பம் ஓடிட்டுக்கு, அதாவது எழுதியதை ஆவணங்களோடு சரிபார்க்கும் சோதனைக்கு, தெரிவாகியிருக்கு. ஆவணங்கள் அனுப்ப 90 நாள்தான். பட்டச் சான்றிதழ், 35 மணிநேரப் பயிற்சிச் சான்றிதழ் ரெண்டும் தயார்.

சிக்கல் அனுபவத்தில். காட்டிய 36 மாதத்தில் பெரும்பகுதி வாகரைக் குடிநீர்த் திட்டம். அதை நடத்திய தொண்டு நிறுவனம் மட்டக்களப்பு அலுவலகத்தை மூடிவிட்டது. அனுபவத்தை உறுதிப்படுத்தி ஒப்பமிட வேண்டிய மேலதிகாரியான திட்ட முகாமையாளர் வெளிநாட்டில். மின்னஞ்சல் திரும்பி வருது, பழைய வாட்ஸ்அப் இலக்கமும் வேலை செய்யல்ல. கொழும்புத் தலைமையகம் தந்த சேவைச் சான்றிதழில் பதவியும் திகதியும் மட்டும்தான். கால அட்டவணை, செலவுக் கட்டுப்பாடு, இடர் முகாமை என்று விண்ணப்பத்தில் எழுதிய வேலை ஒன்றும் அதில் இல்லை; உறுதிப்படுத்த வேண்டியதோ அதைத்தான்.

மேலதிகாரி கிடைக்காவிட்டால் திட்டத்தை நேரடியாக அறிந்த வேறொருவர் ஒப்பமிடலாம். மாதாந்த முன்னேற்றக் கூட்டங்களில் இருந்த பிரதேச செயலகத் திட்டமிடல் உத்தியோகத்தர் இப்ப அம்பாறையில், ஒப்பமிடச் சம்மதம்.

இப்படி அரச உத்தியோகத்தரின் ஒப்பத்தோடு ஓடிட் தாண்டியவர்கள் யாரும் இருக்கிறீங்களா?