பாலுக்கு முன்னால் கதகதப்பு

பூனை குட்டி போட்டால் ஏழு வீடு மாற்றும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். ஏழு என்ற கணக்கு எப்படியோ, இடம் மாற்றுவது நிஜம். ஒவ்வொரு குட்டியாகக் கழுத்தைக் கவ்விக்கொண்டு போகும்போது மற்றவை தனியாகத்தான் கிடக்கும். இரை தேடப் போனாலும் சில மணி நேரம் ஆகிவிடும். அந்தச் சமயத்தில் பார்க்கிறவர்கள் ‘தாய் விட்டுட்டுப் போயிடுச்சே’ என்று பதறி, அள்ளிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஆதரவற்றவை என்று என்னிடம் வந்த குட்டிகளில் பல, உண்மையில் தாய் உள்ளவை.

எதிர்வீட்டு அக்கா ஒருநாள் போன் செய்தார். மாடிப்படிக்குக் கீழே பழைய சாக்கில் மூன்று குட்டிகள், காலையிலிருந்து தாயைக் காணோம் என்றார். போய்ப் பார்த்தேன். வயிறு உருண்டையாக, ஒன்றன்மேல் ஒன்று படுத்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தன. பசித்த குட்டி அப்படித் தூங்காது, ஓயாமல் கத்தும். “தொடாதீங்கக்கா, சாக்கைச் சுற்றி அரிசி மாவைத் தூவி வையுங்க” என்றேன். கோலமாவு என்று கடையில் விற்கும் கல்மாவு வேண்டாம், சமையல் மாவுதான். மறுநாள் காலையில் மாவு முழுக்கப் பாதத் தடம். மனிதர் நடமாட்டம் அடங்கிய பிறகு தாய் வந்து பால் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. அக்கா செய்ய வேண்டியிருந்தது தாய்க்குத் தினமும் கொஞ்சம் சோறும் மீனும் தண்ணீரும் வைப்பது மட்டும்தான். மனித வாசம் பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பார்கள். அதை நம்ப வேண்டியதில்லை. தெரியாமல் எடுத்துவிட்டாலும் அதே இடத்தில் வைத்துவிட்டு விலகி நின்றால் போதும், பெரும்பாலும் தாய் வந்து சேர்த்துக்கொள்ளும்.

மனிதர்களே கொண்டுவந்து போடுகிற குட்டிகளின் கதை வேறு. மீன் மார்க்கெட் பக்கம் விட்டால் எப்படியும் பிழைத்துக்கொள்ளும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. ஐப்பசி மழையில் சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது, வழக்கமாக வாங்கும் மீன்கார அக்கா என்னைக் கூப்பிட்டு ஒரு தெர்மாகோல் பெட்டியைக் காட்டினார். உள்ளே கோணித்துணியில் சுற்றிய நான்கு குட்டிகள். “ராத்திரி யாரோ அட்டைப்பெட்டில வெச்சி நூலு கட்டிப் போட்டுட்டுப் போயிருக்காங்கம்மா. மீனத் திங்கப் பல்லே இல்ல இதுங்களுக்கு, இங்க கொண்டாந்து விட்டிருக்கானுங்க பாரு!” என்றார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. கண் அப்போதுதான் கீறல் விட்டதுபோல் திறக்கத் தொடங்கியிருந்தது. பொதுவாகப் பிறந்த ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாளுக்குள் கண் திறக்கும். பால்பல் முளைக்கவே மூன்று வாரம் ஆகும். அந்த வயதுக் குட்டியை மீன் நடுவில் விட்டாலும் பட்டினிதான். இப்படிப் பட்டினி கிடக்கும் நிலையில் விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நூல் கட்டிப் போட்டவர்களுக்கு அது தெரிந்திருக்குமா, தெரியவில்லை.

குட்டி கிடைத்தவுடன் எல்லோருக்கும் முதலில் கை போவது பாலுக்குத்தான். நான் சொல்ல வந்ததே இதுதான்: முதலில் சூடு, அப்புறம்தான் பால். முதல் மூன்று வாரம் குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. சில்லிட்ட குட்டியின் குடல் வேலை செய்யாது. அப்போது ஊட்டும் பால் செரிக்காமல் உள்ளேயே கெட்டு, அதுவே உயிரை எடுத்துவிடும். அந்த நால்வரின் வாய்க்குள் விரல் வைத்துப் பார்த்தபோது மூன்று கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தன. வெள்ளைக்குட்டியின் வாய் மட்டும் ஐஸ் மாதிரி இருந்தது. பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, பழைய வேட்டியில் இரண்டு சுற்றுச் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வைத்தேன். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துபோக மறுபக்கம் இடம் வேண்டும். சட்டென்று சூடேற்றவும் கூடாது, மெல்ல மெல்லத்தான் ஏற வேண்டும்.

அடுத்தது எந்தப் பால். பாக்கெட் பாலும் பசும்பாலும் வேண்டாம். பூனைப்பாலில் உள்ள புரதமும் கொழுப்பும் அதில் இல்லை, அதிலுள்ள சர்க்கரை குட்டிக்கு ஒத்துக்கொள்ளாமல் வயிற்றால் போகும். இத்தனூண்டு உடம்பில் இருக்கும் நீர் எவ்வளவு? ஒரே நாளில் வற்றிவிடும். பூனைக்குட்டிகளுக்கென்றே பால் பவுடர் கிடைக்கிறது, அதைத்தான் வாங்க வேண்டும். கடை மூடிய நேரம் என்றால் ஒரு ராத்திரியைச் சமாளிக்க ஆட்டுப்பால் பரவாயில்லை.

ஊட்டும் விதத்தில் இன்னும் கவனம் வேண்டும். கைக்குழந்தையை மடியில் மல்லாத்திப் பாலாடையில் புகட்டுவது நமக்குப் பழக்கம். பூனைக்குட்டியை அப்படிச் செய்தால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். தாயிடம் குடிப்பது போலவே குப்புறப் படுக்க வைத்து, தலையை லேசாக நிமிர்த்தி, ஊசி இல்லாத சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மணிக்கட்டில் விட்டுப் பார்த்து, வெதுவெதுப்பாக இருந்தால் கொடுக்கலாம். எடையில் 100 கிராமுக்கு ஒரு வேளைக்கு ஏறக்குறைய 4 மில்லி. முதல் வாரம் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவும் சேர்த்து. போகப்போக இடைவெளி கூடும். மூக்கில் பால் எட்டிப் பார்த்தால் உடனே நிறுத்த வேண்டும். சரியாக உறிஞ்சும் குட்டியின் காதுகள் ஒவ்வொரு மடக்குக்கும் முன்னும் பின்னும் துடிக்கும். மஞ்சள் குட்டி முதன்முதலாக அப்படிக் காதைத் துடிக்கவிட்டு, முன்னங்காலால் என் விரலை அழுத்தி அழுத்திக் குடித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பால் கொடுத்தால் மட்டும் வேலை முடியாது. மூன்று வாரம் வரை குட்டிகளால் தாமாகச் சிறுநீரோ மலமோ கழிக்க முடியாது. தாய் நக்கித்தான் வெளியேற்றும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் நாம் மெதுவாக ஒற்றியெடுக்க வேண்டும், ஒவ்வொரு வேளையும்.

சமையலறைத் தராசில் தினமும் நிறுத்து, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தேன். நாளுக்குப் பத்துப் பதினைந்து கிராமாவது ஏற வேண்டும். மூன்று ஏறின, வெள்ளைக்குட்டி ஏறவில்லை. பிறகு உறிஞ்சுவதையும் நிறுத்தியது. ஈறில் சர்க்கரைத் தண்ணீர் தடவினோம், வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கும் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே முடிந்ததை எல்லாம் செய்தார்கள். அன்று இரவு அது போய்விட்டது. எல்லாம் சரியாகச் செய்தாலும் சில குட்டிகள் தங்காது. புதிதாக வளர்ப்பவர்கள் அதற்காகத் தங்களையே நொந்துகொண்டு, அடுத்த குட்டியை எடுக்கப் பயப்படுகிறார்கள். தயவுசெய்து அப்படி ஒதுங்கிவிடாதீர்கள்.

தெள்ளுப்பூச்சி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. நாய்க்கு விற்கும் மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது. அதில் பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். பாரசிட்டமாலும் அப்படித்தான், கால் மாத்திரைகூட ஆபத்து. நெருக்கமான பல்லுள்ள சீப்பால் வாரி எடுப்பதே சின்னக் குட்டிகளுக்கு நல்லது. குட்டி கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, தாமதிக்காமல் டாக்டரைப் பார்த்து வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேட்டுவிட வேண்டும்.

நாலு வாரத்தில் பால் கலந்த குழைவான உணவை நக்கத் தொடங்கின. மணல் தட்டு வைத்த அன்றே மூவண்ணக் குட்டி தானே போய்த் தோண்டியது. எட்டு வாரம் ஆகாமல் யாருக்கும் கொடுப்பதில்லை என்பதில் நான் உறுதி. முதல் தடுப்பூசியும் பூச்சி மருந்தும் முடிந்த பிறகு, மஞ்சளையும் வரிக்குட்டியையும் ஜோடியாகவே கொளத்தூரில் ஒரு குடும்பத்திடம் ஒப்படைத்தேன். மூன்றாவது மாடி என்பதால், பால்கனிக்கு வலை அடித்த பிறகுதான் கொடுத்தேன். மூவண்ணம் என்னிடமே இருக்கிறது. மூன்று நிறம் கலந்தவை அநேகமாக எல்லாமே பெண்தான். நான்கு ஐந்து மாதத்திலேயே பெண் பூனை சினை பிடித்துவிடும், இரண்டு மாதத்தில் ஈன்றும்விடும். அதனால் கருத்தடை ஆபரேஷனுக்கு இப்போதே தேதி வாங்கிவிட்டேன். கொளத்தூர் குடும்பமும் தங்கள் இரண்டையும் அதே வாரம் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.