1500 மீட்டர்: இரண்டாவது ரவுண்டிலேயே மூச்சு வாங்குகிறது

கிரவுண்டு காக்கா:
இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகிறேன். வயது 22. 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். எனக்கு 8 நிமிடம் 50 நொடி ஆகிறது. முதல் ரவுண்டு பறக்கிறேன். இரண்டாவதில் வலது விலா பிடித்துக்கொள்கிறது, அப்புறம் நடைதான். மூன்று வாரமாகத் தினமும் முழுத் தூரமும் ஓடியும் நேரம் குறையவில்லை. இப்போது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பும் வலிக்கிறது. எனக்கு ஓட்டமே வராதா?

பழைய ஸ்பைக்ஸ்:
தம்பி, முதல் ரவுண்டு எவ்வளவு நேரம்? ஓடுமுன் என்ன சாப்பிடுகிறீர்கள்?

கிரவுண்டு காக்கா:
400 மீட்டர் டிராக்கில் 1 நிமிடம் 25 நொடி அண்ணா. இரண்டு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால். குடித்த கையோடு கிளம்பிவிடுவேன்.

பழைய ஸ்பைக்ஸ்:
சரிதான். மொத்தம் மூன்றே முக்கால் ரவுண்டு. 7 நிமிடத்துக்கு ஒரு ரவுண்டு 1 நிமிடம் 52 நொடி போதும். நீங்கள் 5 நிமிடம் 20 நொடியில் முடிப்பவர் வேகத்தில் கிளம்புகிறீர்கள். பக்கத்தில் ஓடுபவனைப் பார்த்து ரோஷப்படாதீர்கள்.

தினமும் முழுத் தூரமும் முட்டி மோதுவது தினமும் பரீட்சை எழுதுவது மாதிரி. படிப்பது எப்போது? வாரம் மூன்று நாள், பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில் 3 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, மொத்தம் 25 நிமிடம். நடையை வாராவாரம் குறையுங்கள். வாக்கிங் வரும் தாத்தா உங்களை முந்துவார், முந்தட்டும். இதயமும் நுரையீரலும் பழகுவது இந்த ஓட்டத்தில்தான். இன்னொரு நாள், 1.52-இல் நான்கு ரவுண்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவே 2 நிமிடம் நடை. பாலை ஓடி முடித்த பிறகு குடியுங்கள்.

செம்மண்:
அதெல்லாம் வலி போன பிறகு. முன்னெலும்பு நெடுகப் பரவலாக வலித்தால் ஓய்வில் அடங்கும், அதுவரை சைக்கிள் மிதியுங்கள். ஒரே இடத்தில் விரல் வைத்ததும் உயிர் போகிறதா? விரிசலாக இருக்கலாம், எலும்பு டாக்டரைப் பாருங்கள். அந்த வலியோடு ஓடித்தான் நான் ஒரு வருடத் தேர்வையே கோட்டை விட்டேன்.

கிரவுண்டு காக்கா:
பரவலான வலிதான் அண்ணா. பத்து நாள் சைக்கிள் மட்டும் ஓட்டினேன், போய்விட்டது. அதன் பின் ஆறு வாரம் நீங்கள் சொன்னபடி. இன்று 7 நிமிடம் 24 நொடி! விலா பிடிக்கவில்லை. ஆனால் கடைசி 300 மீட்டரில் கால் கல்லாகிவிடுகிறது.

பழைய ஸ்பைக்ஸ்:
முதல் ரவுண்டு எவ்வளவு?

கிரவுண்டு காக்கா:
1.40...

பழைய ஸ்பைக்ஸ்:
தம்பி!