ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊர்ப் பக்கம் ஏர் ரைபிள் பயிற்சி: இடமும் ஆளும் தேவை

வணக்கம். புதியவர்களுக்கு இரண்டு நாள் 10 மீட்டர் ஏர் ரைபிள் பயிற்சி நடத்த ஏற்பாடு செய்கிறோம். 4 லேன் (சுடும் தடம்), ஒரு முறைக்கு 8 பேர். 4.5 மி.மீ. பெல்லட் (சிறு ஈயக் குண்டு), 20 ஜூலுக்குக் குறைந்த ஆற்றலுள்ள துப்பாக்கிகள் மட்டும்.

முதல் தேவை, மூடிய கூடம். நீளம் 15 மீட்டராவது வேண்டும். சுடும் கோட்டுக்கு முன்னால் பக்கக் கதவோ ஜன்னலோ இருக்கக் கூடாது. ஆடிக் காற்று உள்ளே புகுந்தால் அரை கிராம் பெல்லட் விலகிப்போகும். இலக்கின் நடுவிலுள்ள பத்தாம் வளையம் வெறும் அரை மி.மீ. புள்ளி. இலக்கின் நடு 1.40 மீட்டர் உயரத்தில் வரும். பின்னால் இரும்புத் தகட்டைக் கீழ்நோக்கிச் சாய்த்து, அடியில் மணல் தட்டு வைக்க வேண்டும். நேராக நிறுத்தினால் பெல்லட் திரும்பித் தெறிக்கும். இதைச் செய்யத் தெரிந்த வெல்டர் யாராவது உண்டா?

அடுத்தது துப்பாக்கிகளில் நிரப்பும் அழுத்தக் காற்று. டைவிங் சிலிண்டர் நிரப்பும் இடம் ராமேஸ்வரம், கீழக்கரை வட்டாரத்தில் தெரிந்தால் சொல்லுங்கள். ஈரம் வடிகட்டிய, 200 பார் அழுத்தமுள்ள காற்றாக இருக்க வேண்டும், ஈரம் சேர்ந்தால் துப்பாக்கியில் காற்றழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் கெடும். சிலிண்டரின் காலாவதி தேதியை நாங்களே பார்த்துக்கொள்வோம். உப்புக்காற்றில் துரு ஒரே இரவில் பிடிக்கும் என்பதால் துப்பாக்கிகளைத் தினமும் எண்ணெய்த் துணியால் துடைக்க ஒருவர் வேண்டும்.

மிக முக்கியம், ரேஞ்ச் ஆபீஸராக (சுடும் இடத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளராக) இருந்த அனுபவசாலி ஒருவர், முடிந்தால் பெண் பயிற்சியாளரும். "ஸ்டாப்" சொன்னதும் எல்லோரும் துப்பாக்கியிலிருந்து பெல்லட்டை வெளியே எடுத்து, குழல் காலி என்று காட்டும் சேஃப்டி ஃபிளாக் செருகி, துப்பாக்கியைக் கீழே வைத்ததைச் சரிபார்க்காமல் யாரையும் இலக்குப் பக்கம் விடாதவராக இருக்க வேண்டும். ஈயம் பட்ட கையைக் கழுவாமல் சாப்பிட விடாத கண்டிப்பும் வேண்டும்.

விவரம் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.