ஜிம்னிக்கு 235/75 டயர்: தேவையா, வீண் செலவா?

எஸ்டேட்சாலை:
2023 மாருதி ஜிம்னி (4x4), மேனுவல். கம்பெனி டயர் 195/80 ஆர்15 (அகலம் 195 மி.மீ., பக்கச் சுவர் அதில் 80 சதவீதம், ரிம் 15 இஞ்ச்) தேய்ந்துவிட்டது. ஏற்காட்டில் தோட்டத்துக்குள் கல் ரோடு, மழை பெய்தால் சேறு. மற்றபடி சேலம் போய் வருவேன், எப்போதாவது சென்னை. டயர்க் கடைக்காரர் 235/75 ஆர்15 ஏ.டி. (ஆல் டெரெய்ன், தார் ரோடு, மண் ரோடு இரண்டுக்குமான டயர்) போடச் சொல்கிறார், "லுக்கே மாறிடும் சார்" என்கிறார். லுக் எனக்கு இரண்டாம்பட்சம். போன மழையில் டிஃபரன்ஷியல் (ஆக்சிலில் கீழே தொங்கும் கியர் உருண்டை) இரண்டு சக்கரத் தடங்களுக்கு இடையே உள்ள நடுமேட்டில் தட்டி வண்டி நின்றுவிட்டது, அதனால்தான் கேட்கிறேன். போடலாமா?

கல்லும்சேறும்:
யோசிக்காமல் போடுங்கள். ஜிம்னிக்கு முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்சில், இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே கட்டை. லிஃப்ட் கிட் (உயரமான ஸ்பிரிங்) போட்டால் பாடிதான் உயரும். டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதைத் தரையிலிருந்து தூக்க வேண்டுமென்றால் உயரமான டயர் ஒன்றுதான் வழி. 195/80-க்கு விட்டம் 693 மி.மீ., 235/75-க்கு சுமார் 733. அதில் பாதி, அதாவது 20 மி.மீ., உங்களுக்கு லாபம். டயரின் பக்கச் சுவரும் 20 மி.மீ. உயரம் கூடும். கல் ரோட்டில் காற்றைக் குறைத்து ஓட்டும்போது அதன் அருமை தெரியும்.

செகண்ட்கியர்:
20 மி.மீ. கிடைக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். பதிலுக்கு என்ன போகிறது என்றும் சொல்லுங்கள். விட்டம் கிட்டத்தட்ட 6 சதவீதம் கூடினால் எல்லா கியரும் அந்த அளவுக்கு உயர்ந்துவிடும், அதாவது இழுவை குறையும். 1.5 லிட்டர் பெட்ரோல், 134 என்.எம். டார்க், ஏற்கெனவே மலையில் மூச்சு வாங்கும் வண்டி இது. இறக்கத்தில் கிடைக்கும் என்ஜின் பிரேக்கும் குறையும். போதாததற்கு டயரே கனம், சுழலும் எடை கூடுகிறது, பின்னால் இருப்பதோ டிரம் பிரேக். இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஆள் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது கணக்கு புரியும்.

கல்லும்சேறும்:
அதற்குத்தானே 4எல் (நாலு சக்கர இழுவை, லோ கியர்) கொடுத்திருக்கிறார்கள்? அதில் கியர் வேகம் பாதியாகிறது. உங்கள் 6 சதவீதம் அங்கே ஒரு பொருட்டே இல்லை.

செகண்ட்கியர்:
4எல் சேற்றுக்கு. காய்ந்த தார் ரோட்டில் போடக் கூடாது, இந்த வண்டியில் சென்டர் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் வேறு வேறு வேகத்தில் சுழலப் பார்க்கும், இரண்டுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். அண்ணன் தினமும் ஏறி இறங்குவது தார் ரோட்டில். அங்கே 2எச் (பின் சக்கர இழுவை) மட்டும்தான்.

கல்லும்சேறும்:
சரி, ஏற்றத்தில் ஒரு கியர் குறைத்துப் போகட்டும். சேற்றில் நின்றுபோன வண்டியைக் கயிறு கட்டி இழுப்பதைவிட அது மேல்.

மீட்டர்பார்வை:
நடுவில் ஒன்று. பெரிய டயர் போட்ட எல்லோரும் "மைலேஜ் போச்சு" என்று புலம்புவார்கள். அதில் ஒரு பங்கு மீட்டர் செய்யும் வேலை. மீட்டருக்கு டயர் மாறியது தெரியாது, சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பது மட்டும்தான் தெரியும். உண்மையில் 10,000 கி.மீ. ஓடினால் அது ஏறக்குறைய 9,450 என்றுதான் காட்டும். மீட்டர் கணக்கில் லிட்டருக்கு 12 வந்தால் நிஜத்தில் 12.7. மீதிக் குறைவு டயரின் எடையாலும் அதன் முரட்டு ரப்பர்க் கட்டைகளாலும், அதை மறுக்கவில்லை. ஸ்பீடோமீட்டர் வழக்கமாகவே கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், அதனால் வேகத்தில் பெரிய ஏமாற்றம் இருக்காது. ஆயில் மாற்றுவதை மட்டும் மீட்டரைப் பார்த்துத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆர்சிபுக்:
எல்லோரும் மில்லிமீட்டர் பேசுகிறீர்கள், சட்டம் யாரும் பேசவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராக உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை.

கல்லும்சேறும்:
டயர் அளவுக்காக யாரையும் உள்ளே வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பம்பரை வெட்டி லைட் கம்பி கட்டியவனைத்தான் பிடிக்கிறார்கள்.

ஆர்சிபுக்:
போலீஸ் பிடிக்க மாட்டார்தான். எனக்கு பயம் இன்ஷூரன்ஸ் சர்வேயர் மேல். க்ளெய்ம் என்று வந்தால் அவர் அளக்க டேப் எடுப்பார். கொஞ்சம் பெரியது என்றால் வாதாடலாம். டயர், லிஃப்ட், வெட்டிய பம்பர் மூன்றும் சேர்ந்தால் என்ன வாதாடுவீர்கள்?

செகண்ட்கியர்:
லிஃப்ட் பற்றி ஞாபகப்படுத்தினீர்கள், நன்றி. 235 போட்டு ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் முன் பம்பர் ஓரத்திலோ ஆக்சிலைப் பிடிக்கும் ஆர்மிலோ உரசும் வாய்ப்பு அதிகம். அதற்காக இரண்டு இஞ்ச் லிஃப்ட். லிஃப்ட் போட்டால் காஸ்டர் கோணம் (ஸ்டியரிங்கை நேராக வைத்திருக்கும் முன் சக்கரச் சாய்வு) குறையும், நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் அலையும். அதைச் சரிசெய்ய ஆர்மில் வேறு ரப்பர் புஷ். ஆக்சில் ஒரு பக்கம் நகர்ந்திருக்கும், அதற்கு நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்ட் ராடு (ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடிக்கும் கம்பி). டயர் வாங்கப் போன ஆள் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டே இருப்பார். பேசாமல் 215/75 ஆர்15 ஏ.டி. போடுங்கள், எதிலும் கை வைக்க வேண்டாம்.

கல்லும்சேறும்:
215/75-க்கு விட்டம் 703. உயர்வது 5 மி.மீ. அவர் தட்டியதே டிஃபரன்ஷியல் என்கிறார், நீங்கள் 5 மி.மீ. கொடுத்து அனுப்புகிறீர்களே!

செகண்ட்கியர்:
நடுமேடு அவருடைய சொந்தத் தோட்டத்தில் இருக்கிறது. நாலு ஆள் வைத்து வெட்டி விடுவது ஐந்து டயரைவிட மலிவு.

எஸ்டேட்சாலை:
வெட்டினால் அடுத்த மழைக்கே தடம் மறுபடி ஆழமாகிவிடுகிறது தம்பி, வருஷா வருஷம் பார்க்கிறேன். ஐந்து டயர் என்றீர்களே, ஸ்டெப்னியும் மாற்ற வேண்டுமா?

பட்டறைவாசி:
கட்டாயம் மாற்ற வேண்டும் சார். சக்கரம் நாலும் ஒரே அளவாக இல்லாமல் 4எச்சில் (நாலு சக்கர இழுவை, சாதா கியர்) ஓட்டினால் கியர்ப் பெட்டிக்குத்தான் சேதம். ஸ்டெப்னி தொங்குவது பின் கதவில், கனம் ஏறினால் கீல் தொய்யும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போல்ட்டைப் பாருங்கள். எங்கள் பட்டறையில் 235 கேட்டு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பணம் கட்டும் முன் ஒரே ஒரு சக்கரத்தை இரவல் வாங்கி முன்னால் மாட்டுங்கள். அந்தப் பக்கத்தை ஒரு திட்டில் ஏற்றி, ஸ்பிரிங் நன்றாக அமுங்கிய நிலையில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடியுங்கள். சமதளத்தில் உரசாத டயர் அங்கே உரசும். அப்புறம் அடுத்த பக்கமும் அதே மாதிரி. மட்-ஃப்ளாப், உள் பிளாஸ்டிக் மட்டும் தட்டினால் சமாளிக்கலாம். ஆர்மில் தட்டினால் 215-க்குப் போய்விடுங்கள்.

கல்லும்சேறும்:
ஆர்மில் தட்டினால் சக்கரத்தை வெளியே தள்ளும் ஆஃப்செட் குறைந்த ரிம் போடலாமே?

செகண்ட்கியர்:
ஆரம்பித்துவிட்டார். அடுத்தது ரிம்!